பதில்: பதில்: எக்ஸோஸ்கெலிட்டனுக்குத் தமிழ்: ‘விசைக்கவசம்’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

> சூப்பர்ஹீரோ படங்களால் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பொருள். ‘விசைக்கவசம்’ என்றே வைத்துவிடலாம், சொன்னவுடன் புரியும்.

சொன்னவுடன் புரிவது அயர்ன் மேன்தான், கருவி புரியாது. கவசத்தின் வேலை அடியைத் தாங்குவது. எக்ஸோஸ்கெலிட்டன் என்பது உடலுக்கு வெளியே மாட்டிக்கொள்ளும் சட்டம். அதன் வேலை சுமையை வாங்கித் தரையில் இறக்குவது.

தோளிலிருந்து 60 செ.மீ. தள்ளிக் கையை நீட்டி 20 கிலோவைப் பிடித்தால் தோள்மூட்டில் சுமார் 118 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை விழும். அங்கே ஒரு மோட்டாரைப் பூட்டினால் கைக்கு நோகாது. ஆனால் பாரம் முதுகெலும்பில் இறங்கும். இடுப்புப் பட்டை, தொடைத் தண்டு, முழங்கால் கீல், பாதத்தகடு என்று தரைவரை தொடர்ச்சியாகச் சட்டம் போக வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் உள்ளே நிற்கும் ஆள்தான் தூண். வெறும் உலோகக் கையுறையை மாட்டிக்கொண்டு எதிரியைத் தூக்கி வீசும் நாயகனின் இடுப்பை எந்தப் படமும் காட்டுவதில்லை.

மூட்டு இன்னும் பாடாய்ப்படுத்தும். நம் முழங்கால் கதவுக் கீல் அல்ல. மடங்க மடங்கச் சுழல்மையம் நகரும். தோளில் தோள்பட்டை எலும்பே கூடச் சேர்ந்து நகரும். கருவியின் கீல் ஒரே அச்சில் நின்றால் பட்டை மேலேறித் தோலை உரசும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்படும். தளர்த்தினால் மோட்டாரின் உழைப்பில் பாதி சதையை அமுக்குவதிலேயே போய்விடும்.

ஜெனரல் எலெக்ட்ரிக் 1965-ல் தொடங்கிய ‘ஹார்டிமேன்’ இதற்கு நல்ல சான்று. கருவியின் எடையே சுமார் 680 கிலோ, தூக்க நினைத்த எடையும் அதுவே. முழு உடலையும் இயக்கப் பார்த்தபோது கட்டுக்கடங்காமல் உதறியது. கடைசியில் உருப்படியாக வேலை செய்தது ஒற்றைக் கை மட்டும்.

*

> ஆற்றல் மூலம் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் பொறியியல்தானே?

இதுதான் அசல் அமெரிக்கக் கட்டுக்கதை: ஒரு மேதை, ஒரு பட்டறை, ஒரே ஒரு மாயப் பாகம். 1963-ல் காமிக்ஸில் அயர்ன் மேன் அறிமுகமானபோது அந்தப் பாகம் டிரான்சிஸ்டர். டிரான்சிஸ்டர் குறிப்பலையை (சிக்னலை) பெருக்கும், ஆற்றலைப் பிறப்பிக்காது. ஆனால் அன்று அதுதான் புதுசு. 2008 படத்தில் அதே இடத்தில் மார்புக்குள் ஓர் உலை. படத்தின் கணக்குப்படி விநாடிக்கு 3 ஜிகாஜூல், அதாவது 3 ஜிகாவாட். அதில் 1% வெப்பமாகக் கசிந்தாலும் 30 மெகாவாட்! நெஞ்சுக்கூட்டில் வைக்கிற சமாச்சாரமா அது?

கவசமாகவாவது உதவுமா என்றால் அதுவும் சந்தேகம். விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் விழுந்து 30 செ.மீ.க்குள் நின்றால் உடல் வாங்குவது சுமார் 150 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 150 மடங்கு. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப் 1954-ல் நியூ மெக்சிகோவில் ராக்கெட் வண்டியில் தாங்கியது 46.2 ஜி, அதற்கே கண்களில் ரத்தம் கட்டியது. ஓடு உடையாவிட்டாலும் உள்ளே மூளை மண்டையோட்டில் மோதும். நிற்கும் தூரத்தைக் கூட்டுவதுதான் வழி. அதற்குக் கெட்டி இரும்பு நேர் எதிர்.

அமெரிக்கச் சிறப்புப் படைத் தலைமையகம் 2013-ல் ‘டாலோஸ்’ என்று இப்படியொரு உடையை அறிவித்தது. பத்திரிகைகள் அயர்ன் மேன் என்றே எழுதின. 2019-ல் முழு உடை கைகூடாமலே திட்டத்தை முடித்துக்கொண்டார்கள். சில உறுப்புகள் மட்டும் தனித்தனியே வேறு பயன்களுக்குப் போயின.

*

> அப்படியானால் ‘புறச்சட்டகம்’?

அது நண்டு, கரப்பான் ஆகியவற்றின் மேலோட்டுக்குப் பாடநூலில் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. ‘கூடு’ என்று போனால் கூடுவிட்டுக் கூடு பாய்வது நினைவுக்கு வரும் (படக்காரர்களுக்கு அது பிடிக்கலாம்).

என் முன்மொழிவு ‘அணிசட்டகம்’. அணிகலன் போல வினைத்தொகை, ஆகவே நடுவில் ‘ச்’ வராது. மோட்டாரோ நீரழுத்தமோ இயக்கினால் ‘விசை அணிசட்டகம்’. விசைத்தறி, விசைப்படகு என்று பழகிய முன்னொட்டுதான். மோட்டாரே இல்லாத வகையையும் மறக்கக்கூடாது. கார் ஆலைகளில் தலைக்கு மேல் கையைத் தூக்கி வேலை செய்பவர்களுக்குச் சுருள்வில்லே கையைத் தாங்கும். அது ‘வில் அணிசட்டகம்’. எல்லாவற்றுக்கும் ‘விசை’ சேர்த்தால் இந்த வகை பட்டியலிலேயே இடம்பெறாது.

தண்டுவடம் பாதித்தவர்களுக்கு 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘ரீவாக்’ விசை வகை. அதை அணிந்தவரும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார், ஏனென்றால் சமநிலையைக் கருவி பார்த்துக்கொள்வதில்லை. ‘கவசம்’ என்று மொழிபெயர்த்தால் ஊன்றுகோல் எதற்கு என்று வாசகர் கேட்பார்.

‘விசைக்கவசம்’ வீணாக வேண்டாம். திரைப்பட, காமிக்ஸ் பதிவுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். மறுப்பு இல்லையென்றால் அணிசட்டகம், விசை அணிசட்டகம், வில் அணிசட்டகம் ஆகிய மூன்று பதிவுகளையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். மூட்டை அசைக்கும் பாகமான ‘ஆக்சுவேட்டர்’ இன்னும் முடியவில்லை: ‘இயக்கி’ என்றால் கணினிக்காரர்கள் டிரைவர் என்று சண்டைக்கு வருவார்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.