ஸ்டேஷனைச் சுற்றி கீழே கடை, மேலே வீடு: ஹட்டனுக்குச் சரிவருமா?

லயத்துப் பையன்:
வெளிநாடுகளில் ரயில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷம் நடக்கிற தூரத்துக்குள் கடை, வீடு, ஆபிஸ் எல்லாம் ஒன்றாகக் கட்ட விடுகிறார்கள், அதற்காகவே எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று சொல்லும் வலயச் சட்டத்தையும் மாற்றுகிறார்கள். நம்ம மலையகத்து ஹட்டனில் ஏன் முடியாது? ஞாயிற்றுக்கிழமை அம்மா அரிசிப் பையோடு பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ரோட்டில் இறங்கி நடப்பதைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

மாடிவீட்டு அக்கா:
தம்பி, இது நமக்கென்ன புதுசா? நாங்கள் அப்பா காலத்திலிருந்தே கடைக்கு மேலேதான் இருக்கிறோம், கீழே மில் ஓடுகிற சத்தத்தில்தான் நான் ஓ.எல். பரீட்சைக்குப் படித்தேன். புதுசாகக் கட்டும்போதுதான் தொல்லை, வாகனம் நிறுத்த இடம் காட்டச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கடைக்கு வைத்திருந்த இடத்தில் பாதியை அதற்கு விட்டார், கார் ஏது, இப்போது தண்ணீர் டாங்க்தான் நிற்கிறது. அமெரிக்காவில் பஃபலோ நகரம் 2017இல் கட்டாய பார்க்கிங் விதியையே எடுத்துவிட்டது. ஸ்டேஷன் பக்கத்திலாவது இங்கேயும் எடுக்கலாம்.

தலவாக்கலை அண்ணன்:
அக்கா சொல்வது சரி, ஆனால் காணி யாருடையது? டவுன் முடிகிற இடத்தில் தேயிலை தொடங்குகிறது. அந்தக் காணியில் பெரும்பகுதி அரசுடையது, 1992க்குப் பிறகு குத்தகையாகக் கம்பனிகள் கையில் இருக்கிறது. நம்ம டவுன்கள் ரோட்டோரமாகவே வால் மாதிரி நீண்டு கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நுவரெலியாவுக்கோ ஸ்டேஷனே நானுஓயாவில், டவுனிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி. முன்பு அங்கிருந்து ராகலை வரை சின்ன ரயில் ஓடியது, 1940களில் அதையும் நிறுத்திவிட்டார்கள். அங்கே பஸ்ஸை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

பார்க்கிங்கைத் தளர்த்தட்டும், மண்சரிவு அபாயத்தைப் பார்த்துக் கொடுக்கிற கட்டட அனுமதியைத் தளர்த்தச் சொல்லாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வேண்டாம் என்ற மேட்டை வெட்டி ஐந்து மாடி எழுப்பினால் கீழ் வீட்டுக்காரன் கதி என்ன?

மாடிவீட்டு அக்கா:
அதை யார் தளர்த்தச் சொன்னது அண்ணே! இன்னொன்று, பத்து நிமிஷ நடை என்று வரைபடத்தில் ஸ்டேஷனைச் சுற்றி 800 மீட்டருக்கு வட்டம் போடுகிறார்களே, அது சமதரைக் கணக்கு. இங்கே இறங்கும்போது பத்து நிமிஷம், சாமானோடு ஏறும்போது இருபத்தைந்து. கைப்பிடி வைத்த படிக்கட்டும் லைட்டும் முதலில் போடட்டும்.

லயத்துப் பையன்:
அம்மாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். "டவுனுக்குள்ளே வீடு வந்தா வாடகை யாருடா கட்டுறது, நம்ம கடைசி பஸ்ஸை இன்னும் ஒரு மணி நேரம் பிந்தி விடச் சொல்லு" என்கிறார். வாடகையைப் பற்றி நாம் யாருமே பேசவில்லையே?