சாயம் ஏற்றாத செல்லின் ராமன் படம்: எங்கே சறுக்குகிறது?

ராமன் படம் என்பது லேசரைச் செல்லின் மேல் புள்ளி புள்ளியாகப் பாய்ச்சி, சிதறிவரும் ஒளியின் ஸ்பெக்ட்ரத்தைக் கொண்டு எந்த மூலக்கூறு எங்கே என்று வரைவது. மூலக்கூறின் ஒவ்வொரு அதிர்வும் அதில் ஒரு கோடு; அதன் இடத்தைச் செ.மீ⁻¹-இல் சொல்வோம். இதில் முதலில் காலை வாருவது கண்ணாடி ஸ்லைடுதான். 785 நானோமீட்டர் லேசர் பட்டால் சாதாரணக் கண்ணாடி 1400 செ.மீ⁻¹-ஐ ஒட்டிப் பெரிய மேடாக ஒளிரும். செல்லின் 1450 கோடு அதற்குள் புதைந்துபோகும். லேசர் திறனைக் கூட்டினால் மேடும் சேர்ந்தே உயரும், பயனில்லை. கால்சியம் ஃபுளோரைடு ஸ்லைடு போடுங்கள். அதற்கு 322-இல் ஒரே கோடுதான், யாருக்கும் தொந்தரவில்லை. கார்பன்–ஹைட்ரஜன் (சி.ஹெச்.) கோடுகள் வரும் 2800–3050 பகுதியை மட்டும் 532 நானோமீட்டர் லேசரில் பார்ப்பதென்றால் மெல்லிய கவர் கிளாஸே போதும்.

வளர்ப்பு ஊடகத்தில் ஃபீனால் ரெட் (அமிலத்தன்மை காட்டும் சாயம்) இருந்தால் அதுவும் ஒளிரும். பஃபரில் இரண்டு முறை கழுவுங்கள். செல்லைச் சிதையாமல் நிலைப்படுத்த 4% பாராஃபார்மால்டிஹைடு சரி. மெத்தனால் வேண்டாம், கொழுப்பைக் கரைத்து எடுத்துவிடும். பிறகு கொழுப்புத் துளிகளைத் தேடி என்ன பயன்?

*

ஸ்லைடு சரியாகிவிட்டது என்று வைப்போம். அடுத்த சிக்கல் நேரம். 532 லேசர், 1.2 என்.ஏ. (லென்ஸ் ஒளியைத் திரட்டும் கோணத்தின் அளவு) நீர் ஆப்ஜெக்டிவ் என்றால் பிரிதிறன் 0.61 × 532 ÷ 1.2, சுமார் 270 நானோமீட்டர். அதை முழுசாகப் பெற 130 நானோமீட்டர் இடைவெளிக்கு ஒரு புள்ளி வேண்டும். 30 மைக்ரான் சதுரத்துக்குக் கிட்டத்தட்ட 53,000 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு விநாடி வைத்தால் 14 மணி நேரத்துக்கும் மேல்! அதற்குள் ஃபோகஸ் நகர்ந்துவிடும், உயிருள்ள செல்லும் இடம் மாறியிருக்கும். முதலில் 1 மைக்ரான் இடைவெளியில் 900 புள்ளி ஓட்டுங்கள், 15 நிமிடம்தான். எந்த மூலை தேவை என்று தெரிந்தபின் அங்கே மட்டும் நெருக்கமாகப் போகலாம்.

785-க்கு மாறினால் பின்னணி ஒளிர்வு குறையும். ஆனால் ராமன் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்பதால் சிக்னல் 4.7 மடங்கு விழும், பிரிதிறனும் 400 நானோமீட்டராகும். 532-க்கு இன்னொரு லாபம் உண்டு: மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சைட்டோகுரோம் புரதத்தின் ஒத்ததிர்வால் 750, 1128, 1585 கோடுகள் எழும்; மைட்டோகாண்ட்ரியா சாயமில்லாமலே தெரியும்.

*

1003 கோட்டைப் பார்த்ததும் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம், ஆகவே புரதம் என்று எழுதிவிடாதீர்கள். பாலிஸ்டைரீன் வளர்ப்புத் தட்டுக்கும் 1001-இல் பலமான கோடு. செல்லுக்கு வெளியே ஒரு புள்ளி எடுத்துப் பாருங்கள். அங்கேயும் அதே உயரம், கூடவே 3054-இல் கூர்மையான கோடு என்றால் அது தட்டுதான்.

தினமும் தொடங்குமுன் சிலிக்கானின் 520.5 கோட்டில் அளவைச் சரிபாருங்கள். அறை வெப்பம் மாறினாலே கோடு நகரும். ஒரே ஒரு ஸ்பெக்ட்ரத்தில் ஊசிபோல் எழுவது காஸ்மிக் கதிர். ஸ்மூத்திங் (இரைச்சலை மழுக்குவது) செய்யுமுன் அதை நீக்குங்கள். பிந்தினால் ஊசி அகன்று, நிஜமான கோடுபோல் உட்கார்ந்துகொள்ளும்.

*

வேகம்தான் தேவையென்றால் தூண்டப்பட்ட ராமன்: பம்ப், ஸ்டோக்ஸ் என்ற இரண்டு லேசர்களைச் சேர்த்துப் பாய்ச்சி, அவற்றின் வித்தியாசத்துக்குப் பொருந்தும் ஒரே அதிர்வைத் தூண்டும் முறை. ஸ்டோக்ஸ் 1064, பம்ப் 816 நானோமீட்டர். வித்தியாசம் சுமார் 2850 செ.மீ⁻¹, அதாவது கொழுப்பின் சி.ஹெச்.2 கோடு. ஒரு படம் சில விநாடிகளில் வரும், ஆனால் முழு ஸ்பெக்ட்ரம் கிடைக்காது.

இதில் ஏமாற்றுவது கண்டென்சர், அதாவது மாதிரியைத் தாண்டி வரும் ஒளியைச் சேர்க்கும் லென்ஸ். கொழுப்புத் துளி குட்டி லென்ஸ் மாதிரி ஒளியை வளைக்கும், கண்டென்சரின் என்.ஏ. போதாவிட்டால் குறுக்குக் கட்ட மாற்றம் (ஒரு லேசர் மற்றதன் அலைக் கட்டத்தை மாற்றுவது) பொய் சிக்னலாகப் பதிவாகும். 1.4 என்.ஏ. எண்ணெய் கண்டென்சர் போடுங்கள். டிலேயை (இரு லேசர் துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை) நகர்த்திச் சோதித்தால் போதாது, பொய் சிக்னலும் அதோடு மறையும். பம்ப்பின் அலைநீளத்தை மாற்றி, வித்தியாசத்தைச் செல்லுக்குக் கோடே இல்லாத 2600 பக்கம் கொண்டுபோங்கள். அங்கே மிஞ்சுவது எல்லாம் பொய்.

*

1350, 1580 இரண்டிலும் அகலமான மேடு வந்தால் புது மூலக்கூறு என்று குதிக்க வேண்டாம். பெரும்பாலும் மாதிரி கருகிவிட்டது, அது கரி. வெளிச்சப் படத்தில் அந்தப் புள்ளி கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்த மாதிரிகளில் இது அதிகம். நீரில் மூழ்கவைத்தால் வெப்பம் வெளியேறும்.