திருப்பூர் வெளிமாநிலத் தொழிலாளர் ஆய்வு: கம்பெனி விடுதியில் 400 பேரைக் கேட்டால் போதுமா?

நொய்யல்கரை:
வணக்கம். முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கேட்கிறேன். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட் தொழிலாளர்களில் எவ்வளவு பேர் திருப்பூரிலேயே குடியமர்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நான்கு கம்பெனிகள் தங்கள் விடுதியில் பேட்டி எடுக்க அனுமதி தந்துள்ளன. தலா 100 பேர். "இங்கேயே தங்கிவிட எண்ணமா?" என்று கேட்டு விழுக்காடு போடுவதாகத் திட்டம். 385 பேர் இருந்தாலே பிழை 5 விழுக்காட்டுக்குள் அடங்கும் என்கிறார்கள். எங்கே இடிக்கும்?

களக்குறிப்பு:
விடுதியில்தான் இடிக்கும். விடுதியில் இருப்பவர்கள் பெரும்பாலும் தனியாக வந்த இளவயதினர். கல்யாணமாகி, மனைவி மக்களை அழைத்துவந்தவர் விடுதியை விட்டு லைன் வீட்டுக்குப் போய்விடுவார். அதாவது குடியமர்கிறவர்கள்தான் உங்கள் மாதிரியில் இருக்கமாட்டார்கள். 400-ஐ 4,000 ஆக்கினாலும் இந்தச் சாய்வு போகாது. போதாததற்கு, சூப்பர்வைசர் வராந்தாவில் நிற்கும்போது கூலி பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இந்த மக்களுக்கு முழுப் பட்டியல் எங்கும் கிடையாது. 1979-ன் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்களைத்தான் கணக்கில் எடுத்தது. தானாக ரயிலேறி வந்தவர் அதன் பதிவேடுகளில் இல்லை. அதனால் சமூகவியலாளர் ஹெக்கத்தார்ன் 1997-ல் முன்வைத்த கூப்பன் முறையைப் பாருங்கள்: பேட்டி கொடுத்தவர் தனக்குத் தெரிந்தவர்களுக்குக் கூப்பன் கொடுத்து அடுத்த பேட்டிக்கு அனுப்புவார். மொழிக்கு இரண்டு பேரையாவது முதல் ஆளாகப் பிடியுங்கள். ஒடியா பேசுபவர் ஒடியாக்காரரைத்தான் அனுப்புவார். ஒரே மொழியில் தொடங்கினால் சங்கிலி அங்கேயே சுற்றும். ஒவ்வொருவருக்கும் எண் போட்ட மூன்று கூப்பன், அதற்கு மேல் வேண்டாம். ஆள் அனுப்புவதற்குத் தரும் தொகை பெரிதாக இருந்தால் ஒரே ஆள் வேறு பெயரில் மறுபடி வருவார்.

மறக்கக்கூடாத கேள்வி: "திருப்பூரில் பனியன் வேலை செய்யும் உங்கள் மாநிலத்தவரில், உங்களுக்குப் பெயர் தெரிந்து, அவருக்கும் உங்களைத் தெரிந்து, கடந்த இரண்டு வாரத்தில் பார்த்தவர்கள் எத்தனை பேர்?" 20 பேரைத் தெரிந்தவர் மாதிரிக்குள் வர வாய்ப்பு அதிகம் என்பதால் அவருக்கு எடை 1/20; 5 பேர் என்றால் 1/5. இந்த எண் இல்லாவிட்டால் அது வெறும் ஸ்னோபால் (தெரிந்தவர் மூலம் ஆள் சேர்த்துக்கொண்டே போவது), விழுக்காடு போடமுடியாது. 385 என்ற கணக்கும் எளிய சமவாய்ப்பு மாதிரிக்கானது. இங்கே வடிவமைப்பு விளைவு (அதே துல்லியத்துக்கு எத்தனை மடங்கு ஆட்கள் வேண்டும் என்ற எண்) 2 என்று வைத்தாலே 770 பேர் வேண்டும்.

அட்டவணைப்பித்தன்:
மேலே சொன்னது சரி. அதோடு ஒன்று: உங்கள் எண்ணைத் தேசியத் தரவோடு ஒப்பிடும்முன் வரையறையைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கடைசியாக எங்கே வசித்தீர்கள் என்று கேட்கிறது; கல்யாணமாகி அடுத்த ஊருக்குப் போன பெண்ணும் அதில் புலம்பெயர்ந்தவர்தான். 2007-08-ன் 64-ஆம் தேசிய மாதிரி ஆய்வில், வேலைக்காக ஒரு மாதத்துக்கு மேல் ஆறு மாதத்துக்குள் வெளியே போனவர் 'குறுகியகாலப் புலம்பெயர்ந்தவர்'. அவரைப் பற்றிச் சொல்வது சொந்த ஊரில் இருக்கும் குடும்பம். நாலு மாதமாகத் திருப்பூரில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுபவர் பீகார் கணக்கில் வருவார். குடும்பமே கிளம்பி வந்திருந்தால் அங்கே சொல்ல ஆளே இல்லை.

இன்னொன்று, ஒரே நாளில் எடுக்கும் மாதிரி நீண்டநாள் இருப்பவர்கள் பக்கம் சாயும். மாதந்தோறும் வருபவர்களில் பாதிப்பேர் 2 மாதத்தில் திரும்புகிறார்கள், மீதிப்பேர் 24 மாதம் இருக்கிறார்கள் என்று வையுங்கள். எந்த நாளில் போய் எண்ணினாலும் இவர்கள் விகிதம் 1-க்கு 12. வருபவர்களில் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்பதற்கு இது விடை ஆகாது. வந்த மாதம், வருடம் கேட்டு, ஆறு மாதம் கழித்து அதே ஆட்களை மறுபடி பாருங்கள்.

நொய்யல்கரை:
மிக்க நன்றி. அப்படியானால் கேள்வித்தாள்? 'தங்க எண்ணமா' என்பதை விட்டுவிடலாமா? கூலியை எப்படிக் கேட்பது?

லைன்வீடு:
எண்ணத்தைக் கேட்டால் அன்றைய மனநிலைதான் வரும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவிய வாரத்தில் கேட்டிருந்தால் எல்லோரும் ஊருக்குப் போகிறேன் என்றிருப்பார்கள். செய்ததைக் கேளுங்கள்: பிள்ளை எந்த ஊர்ப் பள்ளியில்? வீட்டு அட்வான்ஸ் யார் கொடுத்தது, எவ்வளவு? கேஸ் இணைப்பு யார் பெயரில்? ஓட்டு எங்கே? மிச்சம் பிடித்த பணம் ஊரில் நிலமாகிறதா? ரேஷனை மட்டும் தனி அளவுகோலாக வைக்காதீர்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் ஒரே அட்டையில் ஒரு பங்கை இங்கேயும் மீதியை ஊரிலும் வாங்கலாம்.

கூலிக்கு, "சம்பளம் எவ்வளவு?" என்றால் ஒரு ஷிப்ட் ரேட்டைச் சொல்வார்கள். போன சனிக்கிழமை கைக்கு வந்தது எவ்வளவு, எத்தனை ஷிப்ட், அதில் ஒன்றரை ஷிப்ட் எத்தனை நாள், மெஸ்ஸுக்கும் ரூமுக்கும் முன்பணத்துக்கும் பிடித்தது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பவர் டேபிளில் (தையல் மெஷின் வரிசையில்) டெய்லருக்குப் பெரும்பாலும் பீஸ் ரேட், அவருக்கு உதவும் கைமடிக்கு ஷிப்ட் கூலி. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் சராசரி பொருளற்றதாகிவிடும்.

பேட்டி ஞாயிற்றுக்கிழமை, லைன் வீட்டுப் பக்கம். தீபாவளி முடிந்து சட் பூஜை வரை பீகார்க்காரர்கள் ஊரில் இருப்பார்கள், ஏப்ரல் நடுவில் பிஹுவுக்கு அசாம்காரர்கள் கிளம்புவார்கள். அந்த வாரங்களைத் தவிருங்கள். ஆதார் எண், கான்ட்ராக்டர் பெயர் இரண்டையும் தாளில் எழுதவே வேண்டாம். கூப்பன் எண் போதும்.