கலைச்சொல்: கிளீனர் வேக்ஸ் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

கார்ப் பெயின்ட் பராமரிப்புச் சொற்பட்டியலில் ‘கிளீனர் வேக்ஸ்’ என்ற வரி மட்டும் இன்னும் காலியாகக் கிடக்கிறது. ‘ஆல் இன் ஒன்’, ‘ஒன் ஸ்டெப்’, ‘பாலிஷ் அண்ட் வேக்ஸ்’, ‘3 இன் 1’ என்று புட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரக்கு ஒன்றுதான். பெயின்டில் ஒட்டிய கறையையும் வெளிறிய படலத்தையும் எடுக்கும், மெல்லிய கீறல்களைக் குறைக்கும், கடைசியில் ஒரு மெழுகுப் படலத்தையும் விட்டுவைக்கும்.

இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: சுத்திகரிப்பு மெழுகு, துப்புரவு மெழுகு, பல்பயன் மெழுகு. ஒரே பொருள் மூன்று வேலை செய்வதால் எனக்குப் ‘பல்பயன் மெழுகு’ பொருத்தமாகப் படுகிறது. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

----------

> பல்பயன் மெழுகு

ஐயா, இந்தப் பெயர் வேண்டாம். பல்பயன் என்று படிப்பவர் டேஷ்போர்டுக்கும் சீட்டுக்கும் கறுப்பு பம்பர் ஓரத்துக்கும் சேர்த்தே போட்டுவிடுவார். இந்தச் சரக்கில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு போன்ற நுண்துகள் இருக்கிறது. சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் பட்டால் துகளும் மெழுகும் குழிகளுக்குள் இறங்கி வெள்ளையாகக் காய்ந்துகொள்ளும். அதை எடுக்க, எல்லா அழுக்குக்கும் விற்கும் கிளீனர் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து, மெத்தென்ற பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பளபளப்பில்லாத மேட் பெயின்டில் பட்டால் அதற்கும் வழியில்லை. தேய்த்த இடம் மட்டும் பளபளக்கும். பழைய மேட் திரும்பாது, அந்தப் பாகத்துக்கே பெயின்ட் அடிக்க வேண்டிவரும்.

பெயர் முதலில் சொல்ல வேண்டியது, இது பெயின்டிலிருந்து கொஞ்சம் எடுக்கும் என்பதைத்தான். தொழிற்சாலைப் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். துருத்தடுப்பு அடுக்கு, பிரைமர், நிறம் போக, மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் 40–50 மைக்ரான்தான். ஜெராக்ஸ் கடையில் போடும் ஏ4 தாள் ஏறக்குறைய 100 மைக்ரான் இருக்கும். அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கு அந்தப் பாதித் தாளுக்குள்தான் இருக்கிறது. வண்டியின் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து ஏழெட்டு மைக்ரானுக்கு மேல் தேய்க்கக் கூடாது என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. கிளீனர் வேக்ஸ் மென்மையான பேடில் (தேய்க்கும் ஃபோம் வட்டு) ஒரு முறைக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவாகவே எடுக்கும். ஆனால் அதை வெறும் மெழுகு என்று நினைத்து மாதாமாதம் போடுபவருக்கு அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

----------

நண்பர் சொன்னதை ஏற்றுக்கொண்டு, மொழிப் பக்கம் பார்க்கிறேன்.

‘சுத்திகரிப்பு மெழுகு’ என்பது நமக்கு எதிர்ப்பொருள் தரும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு, நீர்ச் சுத்திகரிப்பு என்பதில் சுத்தமாக்கப்படுவது எண்ணெயும் நீரும். அந்தப் பழக்கத்தில் இதைப் படிப்பவருக்கு, கசடு நீக்கிய மெழுகு என்றுதான் தோன்றும். ‘துப்புரவு’ தெருவோடும் குப்பையோடும் ஒட்டிப்போன சொல். அதில் தேய்ப்பும் இல்லை, பளபளப்பும் இல்லை. ‘கழுவுமெழுகு’ என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். மெழுகு கலந்த கார் ஷாம்பு தனியாக விற்கிறது. அந்தப் பெயரை அதற்கு விட்டுவைப்போம்.

‘தேய்மெழுகு’ சுருக்கமாக இருக்கிறது. ஆனால் தேய்பிறை என்பதில் தேய்வது பிறையேதான். தேய்மெழுகு என்றால் தானே தேய்ந்துபோகும் மெழுகு என்றாகும். சில வாரத்தில் அது உண்மையும் ஆகிவிடுவதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

பாத்திரத்தை நாம் என்ன செய்கிறோம்? சில ஊரில் விளக்குகிறோம், சில ஊரில் துலக்குகிறோம். இரண்டிலும் அழுக்கை எடுப்பதும் பளபளக்க வைப்பதும் ஒரே செயல். விளக்கு + மாறு = விளக்குமாறு என்ற அருமையான முன்மாதிரி வீட்டு மூலையிலேயே இருக்கிறது. ‘விளக்குமெழுகு’ என்றால் விளக்கில் எரிக்கும் மெழுகு என்று எடுத்துக்கொள்வார்கள். துலக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. துலங்குவது தன்வினை, துலக்குவது பிறவினை, கிடைப்பது துலக்கம்.

என் பரிந்துரை: துலக்குமெழுகு. துலக்கிய, துலக்குகின்ற, துலக்கும் மெழுகு; வினைத்தொகை, எனவே சேர்த்தே எழுத வேண்டும்.

தொழில் தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி. எல்லாப் புட்டியிலும் துகள் உண்டா? கரைப்பான் மட்டும் உள்ள சரக்கு இருந்தால் அதற்கும் ‘துலக்கு’ பொருந்துமா?

----------

> எல்லாப் புட்டியிலும் துகள் உண்டா?

இல்லை, அம்மா. இரண்டு வகை உண்டு. பெட்ரோலியக் கரைப்பானும் சோப்புச் சரக்கும் மட்டும் வைத்துக் கறையை இளக்கி எடுப்பது ஒன்று. அது கீறலைத் தொடாது. நுண்துகளும் சேர்ந்தது மற்றது. மெல்லிய கீறலை உண்மையிலேயே குறைப்பது இதுதான். கறை போய்ப் பளபளப்பு வருவது இரண்டிலும் நடப்பதால் ‘துலக்குமெழுகு’ இரண்டுக்கும் நிற்கும். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘துகளுள்ள’, ‘துகளற்ற’ என்று முன்னால் போட்டால் போதும்.

எதை வாங்குவது என்பது அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. வெயிலிலோ டார்ச் வெளிச்சத்திலோ பானெட்டைச் சாய்வாகப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றி சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல் தெரிந்தால் துகளுள்ளது வேண்டும். கீறலின் குறுக்கே நகத்தை இழுத்தால் தட்டுகிறதா? அது இந்தச் சரக்குக்கு அடங்காது, இன்னும் ஆழமாகத் தேய்க்கும் ரப்பிங் காம்பவுண்டின் வேலை. பெயின்ட் நன்றாக இருந்து, தார்ப் புள்ளியும் பழைய மெழுகும் மட்டும் படிந்திருந்தால் துகளற்றது போதும். செராமிக் கோட்டிங் (பெயின்டின் மேல் இறுகும் பாதுகாப்புப் பூச்சு) போட்ட வண்டியில் துகளுள்ளதைத் தொடவே கூடாது, கோட்டிங்கையே தேய்த்துவிடும். இனிமேல்தான் கோட்டிங் போடப் போகிறீர்கள் என்றால் எந்தத் துலக்குமெழுகும் வேண்டாம். அது விட்டுவைக்கும் மெழுகின் மேல் கோட்டிங் பிடிக்காது.

பழைய அம்பாசடர், பத்மினி போல கிளியர் கோட் இல்லாத வண்டியில் துணியில் வண்டியின் நிறமே ஏறும். பயப்பட வேண்டாம், இறந்த மேல்படலம் வருகிறது. உண்மையில் இந்தச் சரக்கு தன் முழு வேலையைக் காட்டுவது இங்கேதான். வெள்ளை வண்டி என்றால் கறுப்புத் துணியில் பாருங்கள். கிளியர் கோட் உள்ள வண்டியில் நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள், மேல்பூச்சு அங்கே போய்விட்டது. சொறி பிடித்தது போல உரிந்த இடத்தை எந்த மெழுகும் சரிசெய்யாது.

போடும் முறையையும் குறிக்கிறேன், சொல்லின் விளக்கத்துக்கு உதவும். முதலில் ஷாம்புக் கழுவல். மணல் ஒரு துளி இருந்தாலும் பேடில் சிக்கி, நீங்கள் எடுக்கும் கீறலைவிட அது போடும் கீறல் அதிகமாகும். காய்ந்தபின் கையில் மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அதில் தெரியும். தெரிந்தால் களிக்கட்டியை (ஒட்டிய துகளைப் பிடித்தெடுக்கும் ‘கிளே பார்’) வழுக்கும் நீர் தெளித்து ஓட்டி எடுத்துவிட்டுத்தான் மெழுகு. ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களுக்கு மாஸ்க்கிங் டேப் ஒட்டுங்கள்.

நிழலில், தகடு கைக்குச் சூடில்லாமல் இருக்கும்போது செய்ய வேண்டும். புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். துகள் அடியில் தங்கியிருக்கும், குலுக்காமல் ஊற்றினால் முதல் பாதி வெறும் எண்ணெய், கடைசிப் பாதி காம்பவுண்டு. இரண்டு அடிக்கு இரண்டு அடி சதுரமாகப் பிரித்துக்கொண்டு, பேடில் பட்டாணி அளவில் மூன்று நான்கு பொட்டு. டூயல் ஆக்ஷன் மெஷின் (பேட் சுழன்றுகொண்டே அலையும் பாலிஷ் மெஷின்) என்றால் வேகம் 1-இல் பரப்பி, 4 அல்லது 5-இல் நெடுக்கும் குறுக்குமாக மூன்று நான்கு சுற்று. கை நொடிக்கு ஓர் அங்குலம்தான் நகர வேண்டும். கையால் என்றால் ஃபோம் அப்ளிகேட்டரில் ஓரளவு அழுத்தி, நேர்க்கோட்டில். கை வேலையில் கறை போகும், வெளிறல் போகும். வட்டக் கீறல் பெரிதாகக் குறையாது. சிறிய ஹேட்ச்பேக் முழுவதற்கும் 40–60 மில்லி போதும்.

துடைக்க 300–400 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மைக்ரோஃபைபர் துணி. பட்டறைப் பனியன் வேஸ்ட் வேண்டாம், அதன் தையலும் நூல் முடிச்சும் புதுக் கீறல் போடும்.

தவறுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். வெயிலில் போட்டால் கரைப்பான் உடனே பறந்து, மெழுகு திட்டுத் திட்டாக இறுகிக்கொள்ளும். அதை எடுக்க அதே சரக்கை மேலே ஒரு பொட்டு வைத்துத் தேய்த்தால் இளகி வரும். அளவுக்கு மேல் ஊற்றினால் துகள் வழுக்கும், வெட்டாது. துடைத்தாலும் கோடு நிற்கும். மூன்றாவது பேட்: எடுத்த பெயின்ட் அதில்தான் சேர்கிறது. ஒவ்வொரு சதுரத்துக்கும் பிரஷ்ஷால் தட்டி, நான்கைந்து சதுரத்துக்கு ஒருமுறை வேறு பேட் மாற்றாவிட்டால் அழுக்கையே அழுக்கால் தேய்த்துக்கொண்டிருப்போம்.

----------

‘துலக்குமெழுகு’ எனக்கும் சம்மதம். ஆனால் ஏன் ‘மெருகு’ வரவில்லை என்று ஒருவர் கேட்கக்கூடும். பாலிஷ் என்றால் நமக்கு மெருகுதானே?

அந்தச் சொல் ஆங்கிலப் பெயரிலேயே குழம்பிக் கிடக்கிறது. அமெரிக்காவின் மெக்வையர்ஸ் தன் சரக்கைக் ‘கிளீனர் வேக்ஸ்’ என்கிறது. ஏறக்குறைய அதே வேலைக்கு பிரிட்டனின் ஆட்டோகிளிம் விற்பது ‘சூப்பர் ரெசின் பாலிஷ்’. நம் கடைகளிலோ பளபளக்க வைக்கும் எல்லாமே பாலிஷ். மெருகு என்பதைப் படலம் எதுவும் விடாத, தேய்ப்பு மட்டும் செய்யும் சரக்குக்கு ஒதுக்கிவிட்டால் ‘துலக்குமெழுகு’ தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. மெழுகு நமக்குப் பெயர்ச்சொல் மட்டுமில்லை, வினையும்தான். மண்தரையைப் பெருக்கிவிட்டுச் சாணத்தால் மெழுகுவார்கள். அப்போது விரிசலும் அடைபடும், படலமும் படியும். கோயில் தொண்டிலும் அலகிடுதல் முதலில், மெழுக்கிடுதல் பிறகு. ஆகவே புட்டியில் இருப்பதை மெழுகு என்றும், பெயின்டின் மேல் தங்கும் படலத்தை மெழுக்கு என்றும் சொல்லலாம். ‘மெழுக்கு எத்தனை வாரம் நிற்கும்?’ என்று கேட்டால் எவ்வளவு சரியாக இருக்கிறது!

----------

மெழுக்கு மிக நல்ல சொல். விரிசல் அடைபடுவதைச் சொன்னீர்கள், அதுதான் இந்தச் சரக்கின் பெரிய சிக்கல். அதற்கும் சொல் வேண்டும்.

போட்டு முடித்ததும் கீறல் மறைந்துவிடும். அதில் எவ்வளவு உண்மையில் தேய்ந்து போனது, எவ்வளவு எண்ணெயும் மெழுகும் நிரம்பி மறைந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து தெளித்து, ஒரு சதுரத்தை மட்டும் துடைத்தால் நிரப்பியது வந்துவிடும்; மிச்சம் தெரிவது உண்மை. துடைத்த இடத்தில் மெழுக்கும் போயிருக்கும், அங்கே மறுபடி போட வேண்டும். தேய்ந்து போனதைக் கீறல்நீக்கம் என்றும், நிரம்பி மறைந்ததைக் கீறல்நிரப்பு என்றும் பட்டியலில் தனித்தனியாக வைக்கலாம். பழைய கார் வாங்குபவருக்கு இந்த வேறுபாடு காசு. விற்பதற்கு முந்தைய நாள் நிரப்பிய கீறல் சில கழுவலில் திரும்பி வரும்.

மெழுக்கு நிற்கும் காலம்: வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஓரிரு மாதம், நன்றாகப் போனால் மூன்று. இந்தச் சரக்கில் சேர்க்கும் கார்னூபா மெழுகு (ஒருவகைப் பனை இலையிலிருந்து எடுப்பது) உருகுவது 82–86 டிகிரி செல்சியஸில். இருந்தும் புட்டியில் மெழுகு குறைவு, எண்ணெய் அதிகம் என்பதால் தனி மெழுகு அளவுக்கு அது இறுகுவதில்லை. துலக்கலை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை செய்து, இடையில் மெழுக்கை மட்டும் துகளில்லாத சாதா மெழுகால் புதுப்பிப்பதே சரி.

ஓர் எச்சரிக்கை விளக்கத்தில் கட்டாயம் வர வேண்டும். பல துலக்குமெழுகில் சிலிக்கோன் எண்ணெய் உண்டு. டிங்கரிங், பெயின்டிங் நடக்கும் பட்டறையில் அது தகட்டில் மிச்சம் இருந்தால் புதுப் பெயின்ட் மீன்கண் போலக் குழி குழியாக விலகும். புதிதாகப் பெயின்ட் அடித்த பாகத்துக்கும் உடனே போடக் கூடாது. பெயின்டின் கரைப்பான் வெளியேற வேண்டும். எத்தனை நாள் என்று அடித்தவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், இரண்டு மூன்று மாதம்கூடச் சொல்வார்கள்.

----------

நண்பர்களே, ‘பல்பயன்’ என்ற என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

துலக்குமெழுகு (பெ.) – கார்ப் பெயின்டின் மேல்கறையையும் வெளிறிய படலத்தையும் எடுத்து, அதே பூச்சில் மெழுக்கும் விடும் சரக்கு. துகளுள்ளது கிளியர் கோட்டைச் சிறிதளவு தேய்க்கும். மேட் பெயின்ட், செராமிக் கோட்டிங், சொரசொரப்பான பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கு ஆகாது. கடைவழக்கு: கிளீனர் வேக்ஸ், ஆல் இன் ஒன்.

மெழுக்கு, கீறல்நீக்கம், கீறல்நிரப்பு மூன்றும் தனி வரிகளாக வரும். கிளியர் கோட்டுக்கு முன்பு போட்டிருந்த ‘தெளிபூச்சு’ என்ற சொல்லை மட்டும் நிறுத்திவைக்கிறேன். தெளித்து அடிக்கும் எந்தப் பூச்சையும் அது குறிக்கும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்; ‘நிறமிலிப் பூச்சு’ என்று மாற்றுவதா என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.