நான்காவது ரேர் கேண்டியா, இரண்டாவது சார்மீலியனா?

வால்தீ
போகிமான் கார்டு ஆட்டம், 2025 ஏப்ரல் ரொட்டேஷனுக்கு (பழைய கார்டுகள் விலக்கப்படுவதற்கு) பிந்தைய ஸ்டாண்டர்டு வகை. சாரிசார்ட் எக்ஸ், பிட்ஜியாட் எக்ஸ், டஸ்க்நாயர் மூன்றும் சேர்ந்த டெக். 59 கார்டில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஒரே ஒரு ஸ்லாட்தான் தகராறு. இப்போதைய லிஸ்டில் முக்கியமானவை (ஒவ்வொரு குடும்பமும் இந்த வரிசையில் படிப்படியாக எவல்யூஷன் ஆகும்): சார்மாண்டர் 3, சார்மீலியன் 1, சாரிசார்ட் 2. பிட்ஜி 2, பிட்ஜியோட்டோ 1, பிட்ஜியாட் 2. டஸ்கல் 2, டஸ்க்ளாப்ஸ் 1, டஸ்க்நாயர் 1. ரேர் கேண்டி (நடுப்படியைத் தாண்டி நேரே மேல்படிக்கு ஏற்றும்) 4, பாஃபின் (குட்டிகளைப் பெஞ்சில், அதாவது பின்வரிசையில், இறக்கும்) 4, ஆர்வென் 4, டெக்னிக்கல் மெஷின் எவல்யூஷன் 1.

ஒரு கேண்டியை எடுத்துவிட்டு இரண்டாவது சார்மீலியன் போடலாம் என்பது என் கட்சி. காரணம் எதிராளியின் பட்யூ. 2025 ஜனவரியில் பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ் செட்டில் வந்த இந்தக் குட்டிக்கு 30 எச்பிதான். ஆனால் எனர்ஜியே இல்லாமல் அடிக்கும். அடி வெறும் 10, அடுத்த டர்னில் நம்மால் ஐட்டம் எதையும் ஆட முடியாது. ரேர் கேண்டியும் ஐட்டம் வகைக் கார்டுதான்.

யார் முதலில் ஆடினாலும் இந்த ஐட்டம் பூட்டு விழுவது நம் இரண்டாவது டர்னில்தான். நான் முதலில் ஆடினால், அவர் தன் முதல் டர்னிலேயே அடித்துவிடுவார். அவர் முதலில் ஆடினால் முதல் டர்னில் அடிக்க விதி இடம் தராது, இரண்டாவதில் அடிப்பார். அதுவும் வந்து விழுவது என் இரண்டாவது டர்னில். கேண்டியை முதல் டர்னில் பயன்படுத்த முடியாது என்பதால், நாம் ஆவலோடு காத்திருக்கும் டர்னே அதுதான்.

மிட்டாய்க்கடை
ஒரு பூச்சிக்குப் பயந்து வீட்டுக் கதவையே கழற்றி வைக்கிறீர்கள் ப்ரோ.

பட்யூ எத்தனை டர்ன் அடிக்கும்? ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அதன் பிறகு எதிராளி டிராகபல்ட்டையோ வேறு எதையோ முன்னால் கொண்டு வந்துதான் ஆக வேண்டும், 10 10-ஆக அடித்து யாரும் ஜெயிப்பதில்லை. பூட்டு திறக்கிற அந்த டர்னில் கையில் இரண்டு கேண்டி இருந்தால் பிட்ஜியாட்டும் சாரிசார்டும் ஒரே நேரத்தில் இறங்கும். ஒரு கேண்டிதான் இருந்தால் ஒன்று இறங்கும், மற்றொன்று அடுத்த டர்னுக்குக் காத்திருக்கும். அந்த இடைவெளியில்தான் ஆட்டம் போகிறது.

இன்னொன்று. கேண்டி சாரிசார்டுக்கு மட்டும் இல்லை. பிட்ஜியாட் ஒன்று, சாரிசார்ட் இரண்டு, டஸ்க்நாயர் ஒன்று. ஒரு முழு ஆட்டத்தில் நான்கு எவல்யூஷன் வேண்டும், அதற்கு நான்கு கேண்டி. உங்கள் சார்மீலியன் அந்த மூன்று குடும்பத்தில் ஒன்றுக்குத்தான் உதவும்.

கூட்டல்கழித்தல்
வாய்ச்சண்டைக்கு நடுவில் கொஞ்சம் எண்கள். தொடக்கக் கை 7, இரண்டாவது டர்ன் வரை இழுப்பது 2, ஆக 9 கார்டு. மல்லிகன் (தொடக்கக் கையில் பேசிக் போகிமான் இல்லாமல் மறுபடி எடுப்பது), தேடல் எதையும் சேர்க்காமல், குறைந்தது ஒரு காப்பி கையில் இருக்கும் வாய்ப்பு:

4 காப்பி என்றால் 48.8 சதவீதம். 3 என்றால் 39.1. 2 என்றால் 28. 1 என்றால் 15.

நான்காவது கேண்டியை எடுத்தால் இழப்பது 10-க்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது சார்மீலியன் தருவது 13. எந்தக் கார்டிலும் இப்படித்தான், காப்பி ஏற ஏற அடுத்த காப்பியின் மதிப்பு குறையும்.

அப்புறம் பிரைஸ், அதாவது தொடக்கத்தில் ஒதுக்கி வைத்து, எதிராளியின் போகிமானை வீழ்த்தும்போது எடுக்கும் கார்டுகள். 60-இல் 6 கார்டு பிரைஸுக்குப் போகிறது, அதனால் ஒற்றைக் காப்பி அங்கே மாட்டிக்கொள்ள 10 சதவீத வாய்ப்பு. இரண்டு காப்பி இருந்தால் இரண்டுமே மாட்டுவது 1 சதவீதத்துக்கும் கீழே.

மிட்டாய்க்கடை
கணக்கு சரி, கேள்வி தப்பு. கேண்டியை யாராவது இழுத்துப் பிடிக்கக் காத்திருப்பார்களா? நான்கு ஆர்வென் எதற்கு? ஆர்வென் ஒரு ஐட்டமும், போகிமானுக்கு மாட்டும் டூல் ஒன்றும் தேடித் தரும். பிட்ஜியாட் ஒரு முறை இறங்கிவிட்டால் ஒவ்வொரு டர்னிலும் டெக்கில் இருந்து விரும்பிய கார்டு ஒன்று. உங்கள் 48.8, 39.1 எல்லாம் தேடலே இல்லாத ஒரு டெக்குக்கு.

கூட்டல்கழித்தல்
அதையேதான் நானும் சொல்கிறேன். கேண்டியை ஆர்வென் தேடித் தரும், அதனால் மூன்று போதும். சார்மீலியனை ஆர்வென் தேடித் தராது. அல்ட்ரா பால் தரும், ஆனால் அதுவும் ஐட்டம், பூட்டு விழுந்த டர்னில் அதுவும் செத்த கார்டு. தேடிக் கிடைக்காததைத்தான் அதிகக் காப்பி வைக்க வேண்டும். தேடினால் கிடைப்பதைக் குறைக்கலாம். நீங்கள் சொன்ன வாதம் என் பக்கம்தான் வந்து நிற்கிறது.

நீலச்சட்டை
குறுக்கே ஒரு விதி விளக்கம், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பட்யூ தடுப்பது ஐட்டத்தை மட்டும். ஸ்கார்லெட் வயலெட் செட்டுகளின் காலத்தில் டூல் தனி வகை, ஐட்டம் இல்லை. டெக்னிக்கல் மெஷின் டூல் என்பதால் பூட்டு விழுந்த டர்னிலும் அதை மாட்டலாம். ஆர்வெனும் சப்போர்ட்டர் வகைக் கார்டு, அதற்கும் தடை இல்லை. ஐட்டத்தைத் தேடி எடுக்கலாம், ஆடத்தான் முடியாது.

வால்தீ
நன்றி அண்ணே, நான் சொல்ல வந்த இடமே அதுதான்.

நான் இரண்டாவதாக ஆடுகிறேன் என்று வையுங்கள். முதல் டர்னில் பாஃபின் போட்டு சார்மாண்டர், பிட்ஜி இரண்டையும் பெஞ்சில் இறக்கிவிட்டேன். ஆர்வென் போட்டு எவல்யூஷன் மெஷினை எடுத்து, முன்னால் நிற்கும் டஸ்கலுக்கு மாட்டி, ஒரு எனர்ஜி வைத்து அடிக்கிறேன். பெஞ்சில் இருக்கும் இரண்டும் சார்மீலியன், பிட்ஜியோட்டோவாக மாறிவிடும். அடுத்து அவர் பட்யூவால் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும். என் இரண்டாவது டர்னில் கையில் இருக்கும் சாரிசார்டும் பிட்ஜியாட்டும் கேண்டி இல்லாமலே மேலே ஏறும். கையில் இருந்து ஏற்றுவதால் சாரிசார்டின் இன்ஃபெர்னல் ரெயினும் வேலை செய்யும், டெக்கில் இருந்து மூன்று நெருப்பு எனர்ஜி வரும்.

இந்த வழி முழுவதும் சார்மீலியன் டெக்கில் இருக்கிறதா என்பதில் தொங்குகிறது. ஒற்றைக் காப்பி பிரைஸில் கிடந்தால் மெஷின் பாதி வேலைதான் செய்யும். கையில் வந்துவிட்டாலும் அதே கதி. மெஷின் டெக்கில் இருந்து எடுக்கும், கையில் இருந்து எடுக்காது.

மிட்டாய்க்கடை
டஸ்கல் முன்னால், இரண்டும் பெஞ்சில், ஆர்வென் கையில், எனர்ஜி கையில், அடுத்த டர்னுக்கு இரண்டு எக்ஸும் கையில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எதிராளி நடுவில் ஒரு அயோனோ போட்டால் அந்தக் கை முழுக்க டெக்கின் அடிக்குப் போய்விடும்.

இப்போது டிராகபல்ட் ஆட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் பட்யூவைக் கொண்டு வருவதில் முக்கியமானது அந்த டெக். டிராகபல்ட் எக்ஸ் 320 எச்பி. என் சாரிசார்ட் அடிப்பது 180, எதிராளி எடுத்த ஒவ்வொரு பிரைஸுக்கும் 30 கூடும். அவர் ஒரு பிரைஸும் எடுக்காத நிலையில் வெறும் 180 போதாது. டஸ்க்நாயரை வெடிக்க வைத்தால் 130. அது தானே நாக் அவுட் ஆவதால் அவருக்கு ஒரு பிரைஸ் போகும், உடனே என் அடி 210. மொத்தம் 340. முதல் டிராகபல்ட் ஒரே டர்னில் போச்சு, அது எக்ஸ் என்பதால் எனக்கு இரண்டு பிரைஸ்.

இது நடக்க ஒரே டர்னில் டஸ்கல் டஸ்க்நாயராக வேண்டும், பல நேரம் அதே டர்னில் சார்மாண்டரும் சாரிசார்டாக வேண்டும். இரண்டு கேண்டி. அதற்கு முன் பிட்ஜியாட்டுக்கு ஒன்று போயிருக்கும். மூன்று முடிந்தது. இரண்டாவது சாரிசார்டுக்கு என்ன செய்வீர்கள்? ஒரு கேண்டி பிரைஸில் இருந்தால்?

கூட்டல்கழித்தல்
இரண்டாவது சாரிசார்டுக்கு? சார்மீலியன். இரண்டு வைக்கச் சொல்வதே அதற்குத்தானே.

340 கணக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை விட அடிக்கடி நடப்பது இன்னொன்று. டிராகபல்ட் ஆட்டத்தில் நாம் முந்தி அடிப்பது அரிது. டிராகபல்ட்டுக்கு முந்தைய படியான டிராக்லோக் டர்னுக்கு ஒரு முறை மேலே உள்ள இரண்டு கார்டைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். அவர்கள் படிப்படியாகவே ஏறுகிறார்கள், கேண்டியை நம்பி இல்லை. அதனால்தான் பட்யூ அவர்களுக்கு இவ்வளவு ஒத்துப்போகிறது. டிராகபல்ட்டின் அடியான ஃபான்டம் டைவ் முன்னால் 200 அடித்து, பெஞ்சில் 60-ஐப் பிரித்து வைக்கும்போது நம் பிட்ஜி மாதிரிக் குட்டிகள் போய்விடும். நாம் பதிலுக்கு அடிக்க நிற்கும்போது அவர் இரண்டு பிரைஸ் எடுத்திருப்பார்.

அந்த நிலையில் டஸ்க்நாயர் தேவையே இல்லை. டஸ்க்ளாப்ஸ் வெடித்தால் 50, அவருக்கு மூன்றாவது பிரைஸ், சாரிசார்ட் 180 + 90 = 270. 270 + 50 = 320. டிராகபல்ட் சரியாக அங்கேயே விழும், ஒரு புள்ளி கூட வீணாகாது. டஸ்க்ளாப்ஸுக்குக் கேண்டி வேண்டாம், டஸ்கல் முந்தைய டர்னில் பெஞ்சில் இருந்தால் போதும்.

மிட்டாய்க்கடை
சரி, 320 கணக்கு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த டஸ்கல் ஃபான்டம் டைவுக்குப் பிறகும் பெஞ்சில் இருக்க வேண்டுமே. எதிராளி முட்டாள் இல்லை, 60-ஐ எங்கே வைப்பது என்று அவருக்கும் தெரியும்.

குட்டிபிட்ஜி
எங்கள் லீக்கில் பட்யூ ஆடுபவர்கள் மிகவும் குறைவு. பெரும்பாலும் சின்னப் பையன்கள், கையில் இருக்கும் எக்ஸ் எல்லாவற்றையும் போட்டு ஆடுவார்கள். நான் என்ன செய்வது?

மிட்டாய்க்கடை
தம்பி, நான்கு கேண்டி. யோசிக்கவே வேண்டாம்.

வால்தீ
அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பூட்டு இல்லாத இடத்தில் நான்கு கேண்டிதான் வேகம்.

நீலச்சட்டை
சோதிக்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே நேரத்தில் மூன்று ஸ்லாட்டை மாற்றிவிட்டு "இப்போது நன்றாக ஓடுகிறது" என்று வந்து சொல்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். எது ஓட வைத்தது என்று அவர்களுக்கே தெரியாது. அந்த ஒரு ஸ்லாட்டுக்கு மட்டும் வேறு நிற ஸ்லீவில் ஒரு வெற்றுக் கார்டு வையுங்கள், வீட்டுப் பயிற்சியில் மட்டும். அது கையில் வரும்போதெல்லாம் "இப்போது எனக்குக் கேண்டி வேண்டுமா, சார்மீலியன் வேண்டுமா" என்று எழுதி வையுங்கள். ஜெயித்தோமா தோற்றோமா என்பதை விட அந்தத் தாள் அதிகம் சொல்லும். முதலில் ஆடிய ஆட்டங்களைத் தனியாக எழுதுங்கள். முதல் டர்னில் சப்போர்ட்டரும் இல்லை, அடியும் இல்லை, அதனால் வால்தீ சொன்ன மெஷின் வழி அங்கே ஒரு டர்ன் தள்ளிப்போகும்.

வால்தீ
அதைச் செய்கிறேன். தள்ளிப்போனாலும் வழி அடைபடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆடினால் இரண்டாவது டர்னில், பூட்டுக்குள்ளேயே, ஆர்வெனும் மெஷினும் ஓடும். சாரிசார்ட் மூன்றாவது டர்னில் வரும். மெதுவானதுதான், ஆனால் கையில் கேண்டியை வைத்துக்கொண்டு சும்மா "பாஸ்" சொல்வதை விட மேல்.

வரும் போட்டிக்கு மூன்று கேண்டி, இரண்டு சார்மீலியன் என்று பதிவு செய்யப் போகிறேன். டிராகபல்ட் நிறைய வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

மிட்டாய்க்கடை
நான் நான்கோடுதான் வருவேன். சார்மீலியன் இரண்டாவது காப்பி அவ்வளவு ஆசை என்றால் சூப்பர் ராடை டெக்கில் இருந்து நீக்குங்கள், நைட் ஸ்ட்ரெட்சர் இருக்கும்போது அது எதற்கு? கேண்டி மேல் மட்டும் ஏன் கை வைக்கிறீர்கள்?

கூட்டல்கழித்தல்
கழிவுக் குவியலில் இருந்து ஸ்ட்ரெட்சர் ஒரு கார்டைக் கைக்குத் தரும், ராட் மூன்றை டெக்குக்குள் திருப்பும். இன்ஃபெர்னல் ரெயினுக்கு எனர்ஜி டெக்கில் இருக்க வேண்டும். ராடை எடுத்தால் இரண்டாவது சாரிசார்ட் வெறுங்கையோடு வந்து நிற்கும்.

மிட்டாய்க்கடை
நெருப்பு எனர்ஜி எத்தனை வைத்திருக்கிறார், அதை முதலில் சொல்லச் சொல்லுங்கள். ஏழு என்றால் ராட் தேவையில்லை.

வால்தீ
ஆறு.

மிட்டாய்க்கடை
அதானே பார்த்தேன். அதற்குத் தனி இழை திறங்கள்.