மறு: ‘பயஸ்’ – சாய்வா, சார்பா, கோட்டமா?

நண்பர்களுக்கு வணக்கம். புள்ளியியலிலும் செயற்கை நுண்ணறிவிலும் வரும் ‘பயஸ்’ (bias) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> பயஸுக்குச் ‘சாய்வு’ போதுமே, எல்லாருக்கும் புரிகிறது. புதுச்சொல் எதற்கு?

முதல் பத்தியில் புரியும், ஐயா. நாலு பத்தி தாண்டினால் சிக்கிக்கொள்ளும். நேர்கோட்டுச் சமன்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பாடநூலில் மாறியைப் பெருக்கும் எண் சாய்வு, கடைசியில் கூட்டும் எண் வெட்டுத்துண்டு. செயற்கை நுண்ணறிவின் நரம்பணு வலையமைப்பில் (நியூரல் நெட்வொர்க்) பயஸ் என்கிறார்களே, அது இந்தக் கூட்டும் எண்தான். அதற்கும் சாய்வு என்று பெயர் வைத்தால், ஒரே சமன்பாட்டில் பெருக்குவதும் சாய்வு, கூட்டுவதும் சாய்வு என்றாகிவிடும். ‘சார்பு’ம் உதவாது. கணிதத்தில் அது ஃபங்ஷன். போதாததற்குச் சார்ந்த மாறி, சாரா மாறி எல்லாம் அதன் பக்கத்திலேயே நிற்கின்றன.

ஆங்கிலத்தில் ஒரு சொல் இருப்பதால் தமிழிலும் ஒன்றையே தேடுகிறோம், அங்கேதான் தடுக்குகிறது. கணக்கைப் பார்த்தால் பொருள் மூன்று. வலையமைப்பில் கூட்டுவதற்கு ‘வெட்டு’ போதும். தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் மாடல் ஒரு பிரிவினருக்கு மட்டும் பாதகமாக நடந்துகொண்டால், அது பாரபட்சம். மிச்சம் இருப்பது புள்ளியியலின் பயஸ், அதாவது மதிப்பீடு சராசரியாகவே உண்மை மதிப்பிலிருந்து விலகி நிற்பது. எனக்குக் கவலை அதைப் பற்றித்தான்.

அதைக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1, 2, 3 ஆகிய மூன்று எண்களின் பரவற்படி (வேரியன்ஸ், அதாவது சராசரியிலிருந்து உள்ள விலக்கங்களின் வர்க்கங்களுக்குச் சராசரி) 2/3. இவற்றில் ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுவிட்டு, இன்னொன்றை எடுக்கிறோம். 9 ஜோடிகள் கிடைக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் அந்த ஜோடியின் சராசரியிலிருந்து உள்ள விலக்க வர்க்கங்களைக் கூட்டி 2ஆல் வகுத்தால் மூன்று ஜோடிகளுக்கு 0, நான்குக்கு 1/4, இரண்டுக்கு 1. இந்த ஒன்பதின் சராசரி 1/3. உண்மையான மதிப்பில் பாதிதான்! ஒரு ஜோடியில் குறைந்தால் தற்செயல் எனலாம். எல்லா ஜோடிகளையும் சேர்த்துப் பார்த்தும் குறைகிறது என்றால், அளக்கும் முறையே ஒரு பக்கம் வளைந்திருக்கிறது. 2க்குப் பதில் 1ஆல் வகுத்துப் பாருங்கள், சராசரி சரியாக 2/3 வரும்.

இந்த வளைவுக்குத் தமிழில் சொல் இருக்கிறது. தராசைக் காட்டி ‘ஒருபால் கோடாமை’ (ஒரு பக்கம் வளையாமை) என்கிறது 118ஆம் குறள். அடுத்த குறளிலேயே சொற்கோட்டம், உட்கோட்டம் என்று பெயர்ச்சொல்லாகவும் வந்துவிடுகிறது. ஆகவே புள்ளியியல் பயஸுக்குக் கோட்டம் என்று முன்மொழிகிறேன். அது இல்லாதது ‘கோடா மதிப்பீடு’.

> கோட்டம் என்றால் கோயில் என்றல்லவா நினைப்பார்கள்?

நியாயமான கேள்வி. ஆனால் ‘மதிப்பீட்டின் கோட்டம்’ என்று படிப்பவர் கோயிலைத் தேட மாட்டார். ‘கோடல்’ என்பதையும் யோசித்தேன். அதற்குக் கொள்ளுதல் என்றும் பொருள், வெண்காந்தள் என்றும் பொருள், அதனால் விட்டுவிட்டேன்.

சொல்லில் இவ்வளவு கறாராக இருக்க ஒரு காரணம் உண்டு. மாடலின் சராசரி வர்க்கப் பிழையைப் பிரித்தால் கோட்டத்தின் வர்க்கம், பரவற்படி (பயிற்சித் தரவு மாறும்போது கணிப்பு எவ்வளவு மாறுகிறது என்பது), தரவிலேயே உள்ள இரைச்சல் என்று மூன்றாக வரும். வளைந்து போகும் தரவுக்கு நேர்கோட்டைப் பொருத்தினால் பிழையின் பெரும்பங்கு கோட்டம். எவ்வளவு தரவைக் கொண்டுவந்து கொட்டினாலும் அது குறையாது, மாடலைத்தான் மாற்ற வேண்டும். அளவுக்கு மீறி நெளிகிற மாடலில் பரவற்படி பெரிது. அங்கே கூடுதல் தரவு கைகொடுக்கும். பிழை அதிகம் என்று மட்டும் தெரிந்தவர், எதைச் செய்வது என்று தெரியாமல் நாள்கணக்கில் பயிற்சி ஓட்டிக்கொண்டிருப்பார். இதைத் தமிழில் படிக்கும் மாணவருக்கு ‘சாய்வு’ என்று சொல்லிக் கொடுத்தால், நேர்கோட்டின் சாய்வைத் திருத்தினால் சரியாகிவிடும் என்றுதானே நினைப்பார்?

சரி, ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது. கோட்டம் உள்ள மதிப்பீட்டை ‘கோடிய மதிப்பீடு’ என்றால் கண்ணுக்கு முதலில் கோடி ரூபாய்தான் தெரிகிறது. ‘கோட்டமுள்ள’ என்பது நீளம். ‘கோணிய’ சாக்குப்பையை நினைவூட்டுகிறது. வேறு வடிவம் தோன்றினால் எழுதுங்கள்.