டிஸ்டன்ஸ் ஃபீல்டு அனுபவங்கள்: இன்னும் உறுத்துவதைச் சொல்லுங்கள்

குன்னூர் மேடு:
சின்னத் தேயிலைக் கம்பெனியின் சின்னம். இரண்டு இலை, நடுவில் கொழுந்து (கட்சி விஷயம் இல்லை, சாமி). வெக்டர் கோப்பு (படத்தைக் கோடுகளாகவே வைத்திருக்கும் கோப்பு) கிடையாது, பழைய தகரப் பலகையின் போட்டோதான். கறுப்பு வெள்ளையாக்கி, ஒவ்வொரு பிக்சலும் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு (இந்தத் தூரப் படம்தான் டிஸ்டன்ஸ் ஃபீல்டு, சுருக்கமாக எஸ்டிஎஃப்) 64க்கு 64 பிக்சல் டெக்ஸ்சரில், அதாவது சின்னப் படத்தில், அடக்கினேன். திரையில் வரையும் ஷேடர் நிரலில் 0.5-இல் வெட்டு; அந்த மதிப்புதான் விளிம்பு. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு கத்தி மாதிரி நின்றது. முதலாளி போனை வாங்கி விரலால் விரித்துக்கொண்டே போனார், கொழுந்து நுனியில் நிறுத்தினார். "தம்பி, நுனி மழுங்கியிருக்கே. முத்தின இலையையா நாம விக்கிறோம்?" எனக்குப் பதிலே வரவில்லை.

ஏரிச்சாலை, கொடை:
மூலை மழுங்குவது புதிதா? 2007-இல் வால்வ் கேம் கம்பெனியின் கிறிஸ் கிரீன் இந்த முறையை எழுதியபோதே, கூர்மை வேண்டுமென்றால் இன்னொரு சேனல் (படத்தில் சிவப்பு, பச்சை மாதிரி ஒரு தனி அடுக்கு) சேருங்கள் என்றும் எழுதிவிட்டார். பல சேனலில் தூரம் எழுதும் எம்எஸ்டிஎஃப்ஜென் கருவியைப் போடுங்கள், முடிந்தது. என் கதை வேறு. மலைப்பாதை வரைபடத்தில் தமிழ்ப் பெயர்கள். அந்த லைப்ரரி ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் தனித்தனி எஸ்டிஎஃப் எடுத்து வரிசையாக ஒட்டியது. எழுத்தைச் சேர்த்து அமைக்கும் வேலையே இல்லை. 'பேரிஜம்' என்பதில் பகரத்துக்குப் பின்னால் கொம்பு, நடுவில் புள்ளிவட்டம். விளிம்பு மட்டும் அப்பழுக்கில்லை! கூட வந்த வழிகாட்டி அண்ணன், "இது எந்த ஊருப்பா?" என்று சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

கோத்தகிரி குளிர்:
ஏரிச்சாலை, குன்னூர் மேட்டிடம் இருப்பது போட்டோ. எம்எஸ்டிஎஃப்ஜென்னுக்கு எழுத்துருவோ எஸ்விஜி என்ற வெக்டர் கோப்போ வேண்டும். வரைந்த கோடே இல்லாமல் எந்த ஓரத்தை எந்தச் சேனலில் போடும்? எனக்கு நடந்தது சின்னது: மண்டபத் திரையில் பெண் மாப்பிள்ளை பெயரைப் பெரிதாக்கினால் மெல்லிய சுழிகள் அங்கங்கே அறுந்துபோயின. அப்புறம், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மூலப்படம் பெரிதாக இருக்கட்டும். கிரீன் 4096-இலிருந்துதான் 64-க்கு இறங்கினார். பெரிய படமென்றால் நேரமாகும் என்று பயம் வேண்டாம், தூரம் கணக்கிடும் ஃபெல்சன்ஸ்வால்ப், ஹட்டன்லாக்கர் முறை பிக்சல் எண்ணிக்கைக்கு ஏற்ற நேரத்தில் முடித்துவிடும். கறுப்பு வெள்ளையாக வெட்டும்போது ஓரத்துச் சாம்பல் நிறத்தைத் தூக்கிப் போடாதீர்கள், பிக்சலுக்குள் விளிம்பு எங்கே ஓடுகிறது என்று அதுதான் சொல்லும். தூர வரம்பை ரொம்ப அகலமாக வைத்தால் 8 பிட்டின் 256 படிகளும் வீணாகப் பரவிவிடும். விளிம்பை மென்மையாக்கும் அகலத்துக்கு நிலையான எண் வேண்டாம், பக்கத்துப் பிக்சலுக்கு மதிப்பு எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும் ஷேடர் கட்டளை எஃப்விட்த் போடுங்கள்.

குன்னூர் மேடு:
அண்ணே, அனுபவம் கேட்டால் வகுப்பே எடுத்துவிட்டீர்கள். சரி, கோடு வேண்டுமென்று, படத்தைக் கோடாக மாற்றும் போட்ரேஸில் விட்டேன். தகரத்தின் துருவையெல்லாம் இலை நரம்பென்று நினைத்துக் கோடு இழுத்து வைத்திருக்கிறது.